மூர் மார்க்கெட்டில் கிடைத்த பச்சை நிறப் பொம்மை, இது யார்?

வண்ணை தையல் | ஞாயிறு, இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். பொம்மை விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

இன்று ஆறாவது படிக்கும் மகளுக்குப் பழைய கைடு வாங்க அல்லிக்குளம் மூர் மார்க்கெட் போனோம். வெளியே ஒருவர் தார்ப்பாய் விரித்து சார்ஜர், கடிகாரம், உடைந்த கார் என்று குவித்து வைத்திருந்தார். அந்தக் குவியலின் அடியிலிருந்து இவள் ஒரு பொம்மையை உருவி எடுத்தாள். 60 ரூபாய் சொன்னார், 40-க்குக் கொடுத்தார்.

உடம்பு முழுக்க வெளிர் பச்சை. துணி இல்லை. தலைமுடி வெள்ளையும் கறுப்பும் கலந்து, சிக்குப் பிடித்துத் தேங்காய் நார் மாதிரி கிடக்கிறது. கழுத்தின் இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு திருகாணி. கை கால்களில் தையல் போட்ட மாதிரி கோடு. ஒரு கண் நீலம், ஒரு கண் பச்சை. இடது கை மணிக்கட்டோடு இல்லை. உடைந்த மாதிரியும் தெரியவில்லை, அந்த இடத்தில் ஒரு சின்னத் துவாரம் மட்டும் இருக்கிறது. இடுப்பைச் சுற்றிக் கறுப்புக் கறை. முதுகில் மேட்டல் என்ற எழுத்தும் ஏதோ ஒரு வருடமும் தெரிகின்றன.

பக்கத்து வீட்டில் "பேய் பொம்மை, வீட்டுக்குள் வைக்காதே" என்கிறார்கள். இவளோ தலையணைக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்துவிட்டாள். இது என்ன பொம்மை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மிண்ட் தெரு | ஞாயிறு, இரவு 9:47

அக்கா, 40 ரூபாய்க்கு உங்கள் பெண் எடுத்திருப்பது ஃபிராங்கி ஸ்டைன்! திருகாணி, தையல், இரண்டு நிறக் கண் மூன்றும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

மேட்டல் நிறுவனம் 2010-ல் கொண்டுவந்த 'மான்ஸ்டர் ஹை' வரிசை இது. உருவாக்கியவர் காரட் சாண்டர். உலகத்தின் பழைய பூதக் கதைகளில் வருகிறவர்களின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள் என்பதுதான் கதை. டிராகுலாவின் மகள் டிராகுலோரா, ஓநாய் மனிதனின் மகள் கிளாடீன், எகிப்து மம்மியின் மகள் கிளியோ, கடலிலிருந்து வந்த லகூனா. டிராகுலோராவுக்கு வயது 1600, ஆனால் சைவம், ரத்தம் என்ற பேச்சைக் கேட்டாலே மயங்கி விழுவாள். உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிற ஃபிராங்கி, ஃபிராங்கென்ஸ்டைன் கதையில் துண்டு துண்டாகத் தைத்துச் செய்த பூதத்தின் மகள். அவளுக்கு வயது 15 நாள். 15 வருடம் இல்லை, 15 நாள். அவளுடைய அப்பா அம்மா அவளைச் செய்து முடித்து அத்தனை நாள்தான் ஆகிறது, அதனால் பள்ளியில் எல்லாமே அவளுக்குப் புதிது.

முதுகில் இருக்கும் வருடத்தை நம்ப வேண்டாம். அது அச்சுக்கான உரிமை வாங்கிய வருடம், பொம்மை செய்த வருடம் இல்லை. பார்பியில் 1966 என்று போட்ட அச்சை எத்தனையோ வருடம் பயன்படுத்தினார்கள். அதைப் பார்த்துவிட்டு அறுபது வருடப் பொம்மை என்று விலை சொல்கிறவர்கள் உண்டு.

கை பற்றி: அது உடையவில்லை, கழன்று தொலைந்திருக்கிறது. இந்தப் பொம்மையின் விரல்கள் மெல்லியவை, அப்படியே சட்டைக்குள் நுழைத்தால் மாட்டிக்கொள்ளும். அதனால் மணிக்கட்டும் முழங்கையும் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்தார்கள். பழைய பொம்மைகளில் முதலில் தொலைவது கைதான். என்னிடம் உதிரியாகச் சில கைகள் இருக்கின்றன, பச்சை இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன்.


பெரம்பூர் லோகோ | திங்கள், காலை 6:15

அம்மா, நான் ஓய்வு பெற்றவன், பேத்திகள் இருக்கிறார்கள். பொம்மையைக் குறை சொல்லவில்லை, ஒரு வருத்தத்தை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு மரப்பாச்சிகள் உண்டு, என் பாட்டி காலத்தவை. செம்மரம். முகம்கூடச் சரியாகச் செதுக்கியிருக்காது, மூக்கு ஒரு மேடு, அவ்வளவுதான். நவராத்திரிக்கு முந்தின வாரம் என் தங்கைகள் அவற்றுக்குத் துணி தேடி அலைவார்கள். ஒரு வருடம் கல்யாண ஜோடி, ஒரு வருடம் போலீஸும் டாக்டரும், ஒரு வருடம் ரேஷன் கடைக்காரரும் அவர் மனைவியும். பொம்மை வாயே திறக்காது, எல்லாக் கதையும் குழந்தை சொன்னதுதான்.

இப்போது வரும் பொம்மைகளுக்குப் பெயர், வயது, அப்பா பெயர், பிடித்த நிறம் எல்லாம் அட்டைப்பெட்டியிலேயே எழுதி வருகின்றன. மிச்சத்தை டிவியில் காட்டிவிடுகிறார்கள். குழந்தை சொல்வதற்கு என்ன பாக்கி இருக்கிறது?


எருக்கஞ்சேரி | திங்கள், காலை 10:30

லோகோ ஐயா சொல்வதை நான் இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். கதை என்று நாம் நினைப்பது விளம்பரம். இதற்கு ஒரு வரலாறே இருக்கிறது.

1969-ல் அமெரிக்காவில் ஹாட் வீல்ஸ் என்ற பொம்மைக் காருக்கு ஒரு கார்ட்டூன் வந்தது, அந்தக் காரும் மேட்டல் தயாரிப்புதான். போட்டி நிறுவனம் புகார் கொடுத்தது. அங்கே ஒலிபரப்பைக் கண்காணிக்கும் எஃப்.சி.சி. ஆணையம், இந்த நிகழ்ச்சியின் ஒரு பகுதியை விளம்பர நேரமாகக் கணக்கில் எழுத வேண்டும் என்றது. அதற்குப் பிறகு பொம்மைக் கம்பெனிகள் ரொம்ப நாள் அடங்கி இருந்தன. அதிபர் ரீகன் காலத்தில் கட்டுப்பாடுகள் தளர்ந்தன, 1984-ல் விளம்பர வரம்பையே எடுத்துவிட்டார்கள். அப்புறம் மடை திறந்த மாதிரிதான்.

1985-ல் ஹாஸ்ப்ரோ கம்பெனி 'ஜெம்' என்ற கார்ட்டூன் பாடகியை டிவியில் காட்டியது, அவளைப் பொம்மையாகவும் விற்றது. மேட்டல் சும்மா இருக்குமா? 1986-ல் பார்பிக்கும் ஒரு ராக் இசைக்குழு அமைத்துக் கொடுத்தது, 1987-ல் அந்தக் குழுவுக்கே ஒரு கார்ட்டூன் எடுத்தது. பார்பி பாட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்துக் கடையில் பாடுகிற பொம்மை விற்றது, அதனால் பாடினாள்.

வடசென்னையில் ஒரு அப்பா மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறார்? யூடியூபில் இலவசமாக வருகிறது என்று பிள்ளை பார்க்கிறது. பார்த்து முடித்ததும் கேட்கிற பொம்மையின் விலை அவருடைய மூன்று நாள் கூலி. மான்ஸ்டர் ஹை விஷயத்திலும் 2010-ல் யூடியூபில் குட்டிக் குட்டிப் படங்களாக விட்டுத்தான் பொம்மையை விற்றார்கள். புத்தகமும் அதே வருடம் வந்தது. எல்லாம் திட்டமிட்டது. இதைத் தெரிந்துகொண்டு பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.


ராயபுரம் கல்மண்டபம் | திங்கள், பகல் 1:05

எருக்கஞ்சேரி அண்ணன் சொன்ன தேதிகள் எல்லாம் சரி. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எங்கள் தெருவில் பொம்மை ஒரு வழியாகவும் கதை வேறு வழியாகவும்தான் வந்து சேர்ந்தது.

நான் மூன்றாவது படிக்கும்போது அப்பா பர்மா பஜாரிலிருந்து ஒரு சிடி வாங்கி வந்தார். பார்பியின் 'நட்கிராக்கர்', 2001-ல் வந்த படம். பார்பி முழுநீளப் படத்தில் நடித்தது அதுதான் முதல் தடவை. அக்காவுக்காக வாங்கியது, நானும் பார்த்தேன். சைக்காவ்ஸ்கியின் இசையை லண்டன் சிம்ஃபனி இசைக்குழு வாசித்தது என்பதும், நியூயார்க் சிட்டி பாலே நடனக்காரர்கள் உண்மையாக ஆடியதைப் பதிவு செய்துதான் அந்தப் பொம்மையை ஆட வைத்தார்கள் என்பதும் பெரியவனான பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தப் பெண் கால் விரல் நுனியில் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம்.

அக்காவிடம் இருந்தது அசல் பார்பி இல்லை. ஈவினிங் பஜாரில் வாங்கிய காற்றடைத்த பிளாஸ்டிக் பொம்மை, அமுக்கினால் டொக்கு விழும், கால் மடங்காது. கால் மடங்காததால் படத்தில் வரும் கிளாரா மாதிரி நேராக நிற்கும் என்று அக்கா கண்டுபிடித்தாள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அதை நிற்க வைத்துச் சுற்றுவாள். காசிமேட்டிலிருந்து வரும் காற்றுக்குப் பாவாடை தானாக விரியும். அந்தப் பாவாடை என் பழைய கைக்குட்டை.

யாரோ எதையோ விற்க எடுத்த படம்தான். எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. இந்த நடனத்தை இப்போதுகூட அக்கா தன் பிள்ளைக்குப் போட்டுக் காட்டுகிறாள்.


மிண்ட் தெரு | திங்கள், மாலை 5:40

லோகோ ஐயா, உங்கள் தங்கைகளின் ரேஷன் கடைக்காரர் மரப்பாச்சியை நினைத்துக்கொண்டே இன்று வேலை பார்த்தேன். இப்போது தையல் அக்காவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, முடிக்கு வெந்நீர் போதும். கொதித்து இறக்கிய தண்ணீரை இரண்டு நிமிடம் ஆறவிட்டு முடியை மட்டும் முக்கி எடுங்கள். கொஞ்சம் கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே சீவிக்கொண்டு வர வேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். அகலப் பல் சீப்பு வேண்டும். மேலே பூசின எண்ணெய் தூசியைப் பிடிக்கும், அதனால் தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

இடுப்புக் கறை, பழைய உடையின் கறுப்புச் சாயம் இறங்கியது. சோப்பில் போகாது. மெடிக்கலில் முகப்பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு களிம்பு கேளுங்கள். கறை உள்ள இடத்தில் மட்டும் மெல்லப் பூசி, அது காயாமல் மேலே பாலிதீன் சுற்றி, வெயிலில் சில மணி நேரம் வைத்துத் துடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் மங்கும். ஆனால் கவனம், அது சாயத்தை வெளுக்கும் மருந்து, பொம்மையின் பச்சையையும் வெளுக்கும். கண், உதடு, தையல் கோடு பக்கம் படவே கூடாது. முதலில் துணி மறைக்கிற இடத்தில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள்.

இனிமேல் தைக்கும்போது கறுப்பு, சிவப்புத் துணி என்றால் துவைத்துச் சாயம் போக்கிய துணியில் தையுங்கள், உள்ளே வெள்ளை லைனிங் கொடுங்கள்.


வண்ணை தையல் | செவ்வாய், இரவு 10:10

எல்லோருக்கும் நன்றி. ஃபிராங்கி என்ற பெயரைச் சொன்னதும் இவள் யூடியூபில் தேடிப் பழைய குட்டிப் படங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். இங்கிலீஷ் பாதி புரிகிறது, பாதி புரியவில்லை, ஆனாலும் விடவில்லை. நேற்று ராத்திரி நான் ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது மெஷின் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, இவளுக்குக் கை தொலையலை. கதையிலேயே இவள் கை அடிக்கடி கழன்றுதான் விழும். தையல் விட்டுப் போகும், திரும்ப மாட்டிக்குவா" என்றாள். அந்தக் காட்சியையும் காட்டினாள். நிஜம்தான். கை தனியாகப் போகிறது, அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே அதைத் தேடுகிறது.

அதற்குப் பிறகு ஒரு விளையாட்டு ஆரம்பித்திருக்கிறது. கை எங்கே போயிருக்கிறது என்று தினமும் ஒரு கதை. நேற்று அது கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தது, கூட்ஸ் வண்டி போய் கேட் திறந்தால்தான் வருமாம். இன்று எம்.சி. ரோட்டில் என் கூட வந்து பிட்டுத் துணி பொறுக்கியதாம்.

உடை விஷயம்: அளவு எடுத்தேன். மார்பு 4 அங்குலத்தை எட்டவில்லை, இடுப்பு 3 அங்குலம்கூட இல்லை. முதலில் பட்டுப் பிட்டில் பாவாடை வெட்டினேன். கொசுவம் வைத்தால் இடுப்பில் பந்து மாதிரி உருண்டு நிற்கிறது, பாவாடை குடை மாதிரி விரைத்துக்கொள்கிறது. இருபது வருடமாகத் தைக்கிறேன், இந்தச் சின்ன உடம்புக்குத் துணி படிய மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?


மிண்ட் தெரு | செவ்வாய், இரவு 10:52

அக்கா, அதுதான் எல்லோரையும் திணற வைக்கிற இடம். உடம்பைச் சிறிதாக்கலாம், நூலைச் சிறிதாக்க முடியாது. பார்பியின் உயரம் 11.5 அங்குலம், ஏறக்குறைய மனித உடம்பில் ஆறில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 6 கஜப் புடவை அவளுக்கு 1 கஜம், 45 அங்குல அகலம் 7.5 அங்குலம். நீளமும் அகலமும் சுருங்கிவிடும், பட்டின் கனம் மட்டும் சுருங்காது. நமக்கு ஜமக்காளத்தைச் சுற்றின மாதிரிதான் அவளுக்குப் பட்டு. மல் துணி, பழைய துப்பட்டா, பலமுறை துவைத்த கைக்குட்டை இவைதான் படியும். ராயபுரம் கல்மண்டபத்தின் அக்கா கைக்குட்டை எடுத்தது சரியான தேர்வு. கொசுவத்துக்குப் பதிலாக இடுப்பில் கலியாக, அதாவது மேலே குறுகிக் கீழே விரிகிற துண்டுகளாக, வெட்டி இணையுங்கள். ஜரிகை வேண்டுமென்றால் ஒரு இழை போதும்.

இதை முதன்முதலில் தீர்த்தவர்களும் உங்களைப் போன்றவர்கள்தான். மேட்டலின் ரூத் ஹேண்ட்லர் பார்பியை 1959 மார்ச் 9-ல் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் வைப்பதற்கு முன்னால், ஷார்லட் ஜான்சன் என்ற உடை வடிவமைப்பாளர் டோக்கியோ போய்த் தங்கி ஒவ்வொரு உடையையும் வடிவமைத்தார். அந்த உடைகளைத் தைத்தது பெரும்பாலும் வீட்டிலிருந்து பீஸ் கணக்கில் வேலை செய்த ஜப்பானியப் பெண்கள். குட்டி ஜிப், குட்டி பட்டன், உள்ளே லைனிங் எல்லாம் வைத்துக் கைத்தையல் போட்டார்கள். இன்றைக்கும் அந்த முதல் வருட உடைகளைச் சேகரிக்கிறவர்கள் திருப்பிப் போட்டு உட்பக்கத் தையலைத்தான் பார்ப்பார்கள்.


வண்ணை தையல் | செவ்வாய், இரவு 11:20

பீஸ் கணக்கு என்று படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் சந்தில் எட்டு வீட்டில் ஹூக் கட்டுகிறோம், காஜா போடுகிறோம், பீஸ் கணக்கில்தான். துணி கடைக்குப் போய்விட்டால் யார் தைத்தது என்று யாருக்கும் தெரியாது. அறுபது வருடம் கழித்தும் உட்பக்கத் தையலைத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்றால், அந்த அம்மாக்களில் யாருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.


பெரம்பூர் லோகோ | புதன், காலை 6:05

அம்மா, கொருக்குப்பேட்டை கேட்டில் கை மாட்டிக்கொண்ட கதையை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ரயில்வேயில் 34 வருடம் இருந்தவன், அந்த கேட்டில் எத்தனை நேரம் நின்றிருக்கிறேன். முந்தாநாள் நான் எழுதியதில், குழந்தை சொல்வதற்குப் பாக்கி இல்லை என்ற வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.


எருக்கஞ்சேரி | புதன், பகல் 12:40

நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இந்த இழையில் நடப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. தார்ப்பாயில் கிடந்த பொம்மை, எம்.சி. ரோட்டுப் பிட்டு, இலவசப் படம். கம்பெனி எதிர்பார்த்தது இது இல்லை.

கம்பெனிகள் கதையை எப்படி நடத்துகின்றன என்பதற்கும் இதே மான்ஸ்டர் ஹையே சாட்சி. 2016-ல் முகத்தை எல்லாம் குழந்தைத்தனமாக மாற்றிக் கதையையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். சில பொம்மைகளில் முழங்கை, மணிக்கட்டு மூட்டே கிடையாது. 2018-ல் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் அந்தப் பாத்திரங்களோடு வளர்ந்த பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யாராவது யோசித்தார்களா? பிராட்ஸ் என்ற இன்னொரு பொம்மைக்காக மேட்டலும் அதை விற்கிற எம்.ஜி.ஏ. கம்பெனியும் 2004-லிருந்து கோர்ட்டில் நின்றார்கள். 2008-ல் ஜூரி மேட்டலுக்கு 100 மில்லியன் டாலர் என்றது, 2010-ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது, 2011-ல் இன்னொரு ஜூரி எம்.ஜி.ஏ. பக்கம் நின்றது. பிராட்ஸை முதலில் வரைந்தவர் மேட்டலில் வேலையில் இருந்தபோது வரைந்தாரா, வெளியே இருந்தபோது வரைந்தாரா என்பதுதான் வழக்கு. பொம்மை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் விளையாடுகிற பிள்ளையின் பெயர் எங்குமே வரவில்லை.


மிண்ட் தெரு | புதன், மாலை 6:20

அண்ணா, 2016 விஷயத்தில் நூற்றுக்கு நூறு உங்கள் பக்கம். அந்த மாற்றத்தைப் பார்த்து அழுதவள் நான். ஆனால் 2022-ல் திரும்பி வந்தபோது செய்ததையும் சொல்ல வேண்டும். நடிகர்களை வைத்து ஒரு படம், ஒரு புதிய கார்ட்டூன் தொடர், புதிய பொம்மைகள். டிராகுலோரா குள்ளமாகவும் கொஞ்சம் சதைப்பிடிப்பாகவும் வந்தாள், எல்லோருக்கும் ஒரே ஒல்லி உடம்பு என்பது போனது. ஃபிராங்கிக்கு ஒரு செயற்கைக் கால். உடம்பைப் பல துண்டுகளாகத் தைத்துச் சேர்த்த பாத்திரத்துக்கு அது எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது பாருங்கள். எனக்குப் பழைய முகம்தான் பிடிக்கும், இருந்தாலும் அந்தக் காலை வைக்க வேண்டும் என்று யோசித்தவர் 2010-ன் கதையை ஊன்றிப் படித்தவர்.

தையல் அக்கா, பச்சைக் கை ஒன்று கிடைத்துவிட்டது. இடது கைதான். கூரியரில் அனுப்பவா?


வண்ணை தையல் | வியாழன், இரவு 9:35

கை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். இவள் வெகு நேரம் யோசித்தாள். "அனுப்பச் சொல்லு, ஆனா சனி ஞாயிறு மட்டும்தான் மாட்டுவேன். மற்ற நாள் அது வேலைக்குப் போகும்" என்றாள். அதனால் அனுப்புங்கள் ம்மா, கூரியர் செலவை நான் தருகிறேன்.

கறை பாதி போய்விட்டது. முடி மூன்று தடவை முக்கியதில் பளபளவென்று வந்துவிட்டது. பாவாடை மல் துணியில் கலி வெட்டித் தைத்துவிட்டேன், ஊதாவில் மஞ்சள் ஓரம். ஜாக்கெட்டின் இடது கையை மட்டும் ஒரு நூல் நீளமாக வைத்து, ஓரத்தில் ஒரு டிக் பட்டன் வைத்திருக்கிறேன். கை இருக்கும்போது திறந்து விடலாம், இல்லாதபோது மூடிவிடலாம். உட்பக்கம் பிசிறு இல்லாமல் மடித்து அடித்தேன். நவராத்திரிக்குப் பக்கத்து வீட்டுக் கொலுவில் கீழ்ப் படியில் வைக்க அந்த மாமி சரி என்று சொல்லிவிட்டார். பேய் பொம்மை என்றவர் அவர்தான்.

இன்னொரு விஷயம். இதைப் பார்த்துவிட்டு சந்திலிருந்து மூன்று பிள்ளைகள் தங்கள் பொம்மையோடு வந்துவிட்டார்கள். ஒன்றுக்குத் தலை பெரிதாக, உதடு தடிப்பாக இருக்கிறது, இரண்டு பாதமும் இல்லை. அந்தப் பிள்ளை உடைந்துவிட்டது என்று அழுகிறாள். இது என்ன பொம்மை? உடையை எந்தப் பக்கம் திறக்கிற மாதிரி தைக்கட்டும்?


மிண்ட் தெரு | வியாழன், இரவு 9:50

அது பிராட்ஸ் அக்கா, 10 அங்குலம். அழ வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்தப் பொம்மைக்குச் செருப்பும் பாதமும் ஒன்றுதான். செருப்பைக் கழற்றினால் பாதமும் கூடவே வந்துவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். யாரோ செருப்பைத் தொலைத்திருக்கிறார்கள், அவ்வளவே. தலை பெரிது, கழுத்து வழியாக எதுவும் போகாது. முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை முழுசாகத் திறந்து வெல்க்ரோ வையுங்கள். முடி மாட்டாமல் இருக்க வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் உள்நோக்கி இருக்கட்டும். பாவாடையைத் தரை தொடுகிற நீளத்துக்குத் தைத்தால் பாதம் இல்லாதது தெரியாது.